நரம்பு, இழையம், கலம்: மைய நரம்புத் தொகுதிச் சொற்களின் சமூகத் தளம்

சுவாமி விபுலாநந்தரைப் பற்றி நம் பகுதியில் எழுதப்படும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களிலே தொடங்கி, 'நீரர மகளிர்' வழியாக 'யாழ் நூ'லிற் சென்று முடிகின்றன. காரைதீவிலே 1892இற் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகிப் பின்னர் துறவியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய அம்மனிதர் 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் என்பதும், அதன் பேறாக 1938இல் 'கலைச்சொற்கள்' என்னுந் தொகுதி ஏறத்தாழ 10,000 சொற்களோடு வெளிவந்தது என்பதும் இக்கட்டுரைகளில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறுவதில்லை. இசைவாணரும் துறவியும் கொண்டாடப்படுகின்றனர். சொல்லாக்கக்காரர் மறக்கப்படுகிறார். இம்மறதி தற்செயலானதன்று. இலக்கியம் வேறு, விஞ்ஞானப் பாடநூல் வேறு என்றும், முன்னையதே விமரிசனத்துக்கு உரியது என்றும் கொள்ளும் ஒரு கருத்துநிலையின் விளைவு அது.

ஆனால் தமிழில் எழுதப்பட்ட பக்கம் எதுவாயினும் அது மொழியின் வரலாற்றுக்கும் சமூகத்தின் வரலாற்றுக்கும் உட்பட்டதே. எனவே, உயர்தர வகுப்பு உயிரியல் மாணவர் மனனஞ் செய்யும் ஒரு பகுதியை, அதாவது மைய நரம்புத் தொகுதியின் கலங்களையும் இழைய அமைப்பையும் விளக்கும் சொற்களை, ஓர் இலக்கியப் பனுவலை அணுகுவது போலவே இங்கு அணுக முற்படுகிறோம். இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, யாருடைய அனுபவத்தைச் சுமந்து வந்தன, யாருக்குப் பயன்படுகின்றன என்பனவே நமது வினாக்கள்.

முதலில் 'நரம்பு'. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடித்தளமாகக் கொண்டு விபுலாநந்தர் நிகழ்த்திய ஆராய்ச்சியில் இச்சொல்லுக்கு யாழிற் கட்டப்பட்ட நாண் என்பது ஒரு பொருள். அந்நாணிற் பிறக்கும் சுரம் என்பது மற்றொரு பொருள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும் ஏழு நரம்புகள். உடலைப் பற்றிய பேச்சிலோ இதே சொல் தோலின் கீழ் நீலமாகத் தெரியும் குருதிக் குழாயையும், தசையை எலும்போடு பிணைக்கும் நாரையும், உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் இழையையும் ஒருங்கே குறித்து வந்துள்ளது. இன்றும் நம் கிராமத்தவர் 'நரம்பு புடைத்திருக்கிறது' என்பர். 'நரம்பு இழுக்கிறது' என்பர். 'நரம்புத் தளர்ச்சி' என்பர். மூன்றும் மூன்று வேறு உறுப்புகள்.

இதைத் தமிழின் தெளிவின்மை என்று எள்ளுவோர் கிரேக்கத்தைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். 'நியூரோன்' என்ற கிரேக்கச் சொல்லும் தசைநாரையும், வில்லின் நாணையும், யாழ் போன்ற கருவியின் தந்தியையும் குறித்ததே. இலத்தீனில் 'நெர்வுஸ்' அப்படியே. விலங்கை அறுத்து, அதன் உடலில் இழுபட்டு நிற்கும் நார்ப்பொருளை எடுத்து முறுக்கி, வில்லிலும் இசைக்கருவியிலும் கட்டிய மனிதர் எங்கிருந்தாலும் ஒரே வகையான சொல்லுக்கு வந்து சேர்ந்தனர். தமிழர் கிரேக்கரிடம் கடன் வாங்கவில்லை. கிரேக்கர் தமிழரிடமும் வாங்கவில்லை. ஒத்த உழைப்பு ஒத்த சொல்லைத் தந்தது. கிரேக்க உலகில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலசும் எரசிஸ்திராத்தசும் மனித உடலை அறுத்துப் பார்த்த பின்னரே உணர்ச்சி நரம்பு தசைநாரிலிருந்து பிரித்து அறியப்பட்டது. சொல்லைப் பிரித்தது சிந்தனை மட்டுமன்று, கத்தியுந்தான்.

அடுத்தது 'இழையம்'. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் இச்சொல்லைத் தமிழக நூல்கள் 'திசு' என ஒலிபெயர்த்துக் கொள்கின்றன. எது சிறந்தது என்ற வாதம் பல ஆண்டுகளாக நடைபெறுகின்றது. நாம் தயக்கமின்றி இழையத்தின் பக்கம் நிற்கிறோம். தனித்தமிழ்ப் பற்று அதற்குக் காரணமன்று. பிரெஞ்சு மருத்துவரான பிஷா 1801இல் வெளியிட்ட பொது உடற்கூற்று நூலில், உடலின் உறுப்புகள் யாவும் 21 வகை நெசவுகளால் ஆனவை என்று வகுத்தார். நுண்காட்டியைப் பயன்படுத்தாமல், அறுத்தும் உலர்த்தியும் அவித்தும் அமிலத்திலிட்டும் அவர் கண்ட முடிவு அது. அவர் எடுத்தாண்ட சொல்லின் நேர்ப்பொருள் நெய்யப்பட்ட துணி என்பதே. 'திசு' என்று எழுதும்போது அந்நெசவு மறைந்துவிடுகிறது, வெற்றொலி எஞ்சுகிறது. 'இழையம்' என்னும்போது மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறியில் அமர்ந்து பாவும் ஊடும் இணைத்த நெசவாளியின் பிள்ளைக்கு அச்சொல் தன் வீட்டுப் பொருளாகிறது. இழை ஒன்றாக நிற்கையில் ஒன்று. நெய்யப்பட்ட பின் வேறொன்று. உறுப்பின் தன்மை தனித்தனிக் கூறுகளின் கூட்டுத்தொகை அன்று, அவற்றின் இணைப்பு முறையிற் பிறப்பது என்ற கருத்து சொல்லுக்குள்ளேயே பொதிந்துள்ளது.

மைய நரம்புத் தொகுதியில் இது கண்கூடு. மூளையையும் முண்ணாணையும் குறுக்கே வெட்டினால் நரைநிறப் பொருளும் வெண்ணிறப் பொருளும் என இருவகை தெரியும். நரம்புக் கலங்களின் உடல்களும் அவற்றின் குறுங்கிளைகளும் செறிந்த பகுதி நரைநிறமானது. கொழுப்புச் செறிந்த மயலின் உறை போர்த்த நீண்ட நார்கள் ஓடும் பகுதி வெண்ணிறமானது. பெருமூளையில் நரைநிறம் வெளியே மேலுறையாகவும் வெண்ணிறம் உள்ளேயும் உள்ளன. முண்ணாணில் இது தலைகீழாகி, நரைநிறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் நடுவே அமைகிறது. கூறுகள் அவையே, நெசவு மாறுகிறது.

'கல'த்துக்கு வருவோம். 1665இல் ரொபேட் ஹூக் தக்கைச் சீவலில் வெற்றறைகளைக் கண்டு இட்ட பெயரின் அடிப்பொருள் சிற்றறை. தமிழில் 'கலம்' ஒரு கொள்கலம். வாவிக்கரையில் வாழும் நமக்கு அது நீரில் மிதப்பதுமாகும். அறை வெறுமையாக இருக்கலாம். கலமோ எதையாவது கொண்டிருக்கும். உட்பொருளே உயிரின் இடம் என்ற பிற்கால அறிவுக்கு ஹூக்கின் சொல்லைவிட நமது சொல் பொருத்தமானது என்று கூறுதல் மிகையாகாது. 1838, 1839 ஆண்டுகளில் ஷ்லைடனும் ஷ்வானும் தாவரமும் விலங்கும் கலங்களால் ஆனவை என நிலைநாட்டினர். இதனைத் தம் காலத்து இயற்கை விஞ்ஞானத்தின் மூன்று பெருங் கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக எங்கெல்ஸ் 1886இல் மதிப்பிட்டார்.

ஆயினும் மூளை இக்கோட்பாட்டுக்கு எளிதில் அடங்கவில்லை. 1873இல் இத்தாலியரான கொல்ஜி வெள்ளி உப்பினால் நரம்பிழையத்தைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டார். அம்முறை நூற்றிற் சிலவாக அங்குமிங்கும் ஒருசில கலங்களை மட்டும், கிளை நுனிவரை முழுமையாகக் காட்டிற்று. அதே சாயத்தைக் கையாண்டு கொல்ஜி கண்டது எங்கும் இடைவிடாது பிணைந்த ஒரு வலை. ஸ்பானியரான கஹால் 1888 முதல் கண்டது ஒன்றையொன்று அணுகியும் ஒன்றாகிவிடாத தனிக் கலங்கள். 1891இல் வால்டயர் அவற்றுக்கு 'நியூரோன்' எனப் பெயரிட்டார். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது கொல்ஜி தமது பரிசுரையிலேயே கஹாலின் கொள்கையைத் தாக்கினார். 1950களில் இலத்திரன் நுண்காட்டி கலங்களுக்கிடையிலான இடைவெளியைக் காட்டி, வழக்கை ஏறத்தாழக் கஹாலுக்குச் சார்பாகத் தீர்த்தது.

கொல்ஜியின் வலையைக் கூட்டுடைமைக்கும், கஹாலின் தனிக்கலத்தை முதலாளித்துவத் தனிமனிதனுக்கும் ஒப்பிட்டு எழுதும் ஆசை நம் முகாமிலும் சிலருக்கு எழக்கூடும். அது மார்க்சியமன்று, உவமை விளையாட்டு. இழையம் எத்தகையது என்பதைத் தீர்மானிப்பது இழையமே. சமூகம் புகும் இடம் வேறு: எதைப் பார்க்கத்தக்கது என்று விஞ்ஞானி கருதினார், எதை ஒதுக்கினார், ஒதுக்கியதற்கு என்ன பெயரிட்டார் என்பதிலேதான் அது புகுகின்றது.

இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு 'கிளியா'. நரம்புக் கலங்களுக்கிடையே கிடந்த பொருளுக்கு 1856இல் யேர்மானியரான விர்கோ இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் பசை என்று பொருள். விர்கோ சாதாரண மனிதரல்லர். 1848இல் மேற்சிலேசியாவின் தைபஸ் கொள்ளைநோயை ஆராய்ந்து, வறுமையும் கல்வியின்மையும் அரசியல் உரிமையின்மையுமே நோயின் வேர்கள் என அறிக்கையிட்டவர். அவ்வாண்டு மார்ச்சில் பேர்லின் வீதித் தடையரண்களில் நின்றவர். பின்னர் பிஸ்மார்க்கை எதிர்த்த தாராளவாத அரசியல்வாதி. உடலைக் கலங்களாகிய குடிமக்களின் அரசு என்று கண்டவர் அவரே. மன்னனில்லாத அவ்வரசிற் கலங்கள் யாவும் குடிமக்கள் என்றார். ஆனால் மூளைக்கு வந்தபோது அவரது குடியரசிலும் இரு வகுப்புகள் தோன்றிவிட்டன. சிந்திக்கும் நரம்புக் கலங்கள் ஒருபுறம். அவற்றை ஒட்டிவைக்கும் பசை மறுபுறம். தாராளவாதத்தின் எல்லையும் இதுவே என்று நாம் கூறின் அது உவமை விளையாட்டாகாது. பெயர் சூட்டியவரின் அரசியலும் பெயரும் ஒரே ஆவணங்களில் உள்ளன.

இப்பெயர் நூறாண்டுக்கு மேல் ஆய்வின் திசையைக் குறுக்கிற்று. தொண்டு செய்யும் பசைக்குத் தனி வரலாறு எதற்கு? பசையெனப்பட்ட கூட்டத்திற் பல தொழிலாளர் உள்ளனர் என்பது மெல்லமெல்லவே துலங்கிற்று. உடுவடிவக் கலங்கள், கலப்புறப் பாய்பொருளிற் சேரும் பொற்றாசியத்தையும் நரம்புக் கலங்கள் வெளியிட்ட குளூட்டமேற்றையும் உள்ளெடுத்து, குருதி மயிர்த்துளைக் குழாய்களைத் தம் பாதங்களாற் சூழ்ந்து நிற்கின்றன. கஹாலின் மாணாக்கரான ரியோ ஓர்தேகா 1919 முதல் 1921 வரை மேலும் இருவகைகளைப் பிரித்துக் காட்டினார். சிறுகிளைக் கலம் தன் மென்சவ்வைப் பலமுறை சுற்றிப் பல நார்களுக்கு மயலின் உறையாக்குகிறது; வெண்ணிறப் பொருளின் வெண்மை அதன் உழைப்பு. நுண்கிளியா இறந்தவற்றை விழுங்கித் துப்புரவு செய்வதோடு, வளரும் மூளையில் மிகையான இணைப்புகளை நீக்கவும் உதவுகிறது. மூளையறைகளை அகவணியாகப் போர்த்தும் கலங்கள் வேறு. சிறுகிளைக் கலங்களின் மயலினைத் தன்னுடல் எதிர்ப்பு அழிக்கும் நோயில் நரம்புக் கலம் இருந்தும் கை கால் தளர்கின்றன, பார்வை மங்குகின்றது. பசையின்றி அறிவாளி நிற்கமாட்டான் என்பதல்ல செய்தி. அது பசையே அல்ல என்பதுதான்.

பாடநூல்களில் நெடுங்காலம் வழங்கிய மற்றொரு கூற்றும் இங்குக் குறிக்கப்பட வேண்டும். நரம்புக் கலமொன்றுக்குப் பத்துக் கிளியாக் கலங்கள் உண்டு என்று எழுதி வந்தனர். 2009இற் பிரேசில் ஆய்வாளர் மனித மூளைகளைக் கரைத்துக் கருக்களை எண்ணியபோது ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்களும், ஏறக்குறைய அதே தொகையான ஏனைய கலங்களும் கிடைத்தன. ஆட்சியாளர் சிலர், ஏவலாளர் பலர் என்ற பழக்கமான காட்சியை எண்ணாமலே மூளைக்குள் ஏற்றிவிட்டோமோ என்று ஐயுற இடமுண்டு. தமிழில் எழுதுவோர் இன்றும் இக்கலங்களைப் 'பசை' எனப் பொருள்படும் சொல்லாலோ 'தாங்கும் கலம்' என்ற விளக்கத்தாலோ குறிக்கின்றனர். விர்கோவின் தவறான உவமையை மொழிபெயர்த்து நமதாக்கிக்கொள்ளத் தேவையில்லை. இவ்விடத்தில் 'கிளியா' என்ற ஒலிபெயர்ப்பே மேல்; பொருள் தெரியாத சொல் பிழையான பொருள் தரும் சொல்லைவிடத் தீங்கு குறைந்தது. இழையத்துக்கு ஒரு நீதி, கிளியாவுக்கு ஒரு நீதியா என வினவுவோர்க்கு நமது விடை, ஆம் என்பதே. சொல் எந்த மொழியது என்பதைவிட எந்த அறிவைத் தருகிறது என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோலை இலங்கைச் சொற்கள்மீதும் பிரயோகித்தல் வேண்டும். முள்ளந்தண்டினுள் ஓடும் நாணை 'முண்ணாண்' என்றது அழகிய ஆக்கம். தமிழகத்துத் 'தண்டுவடம்' அதற்கு இளைத்ததன்று. ஆனால் தமிழகத்தார் பெருமூளை, சிறுமூளை, முகுளம் என எவர்க்கும் விளங்க வழங்க, நமது பாடநூல்கள் முறையே மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என எழுதுகின்றன. கடைசிச் சொல் மாணவனின் மூச்சை வாங்கும். மூச்சை ஆளும் உறுப்புக்கு இட்ட பெயராதலால் பொருத்தம் என்று வேண்டுமானால் நகைக்கலாம். 'மூளி'யோ நகைப்புக்குரியதன்று. வழக்கில் அது உறுப்புக் குறைந்த பொருளையும், தாலியும் அணியும் இழந்த பெண்ணையும் இழித்துரைக்கும் வசை. கணவனை இழந்த பெண்ணை நோக்கி நம் சமூகம் எறிந்த சொல்லை, ஓர் உறுப்பின் பெயராகப் பிள்ளைகளின் ஏட்டிற் சேர்க்கையில் சொல்லாக்கக் குழுவின் செவி எங்கே இருந்தது? போரில் ஆயிரமாயிரம் பெண்கள் துணையிழந்த மாகாணம் இது. மேற்சொன்ன எண்ணிக்கையில் மனித மூளையின் நரம்புக் கலங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு, நிறையிற் பத்திலொரு பங்கே கொண்ட இச்சிறுமூளையில் உள்ளதாகக் கண்டறியப்பட்டது. குறைபட்டது என்று பெயர் பெற்ற உறுப்பின் நிறைவு இது.

இத்தகைய ஆக்கங்கள் எவ்வாறு நேர்ந்தன? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலே மருத்துவம் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்', 1883இல் 'மனுஷ சுகரணம்' என அவர் முயற்சியில் நூல்கள் வந்தன. வடமொழி மிகுந்த அம்மொழியை இன்று படித்தல் கடினம். எனினும் அவற்றின் பின்னால் ஒரு தொழில் இருந்தது. ஆங்கிலங் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போவர், தமிழிற் கற்றவர் கிராமத்தில் நிற்பர் என்பது கிறீனின் கணக்கு. மிஷனின் மதநோக்கை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அச்சொற்கள் அறுவைக் கத்தியோடும் நோயாளியின் படுக்கையோடும் பிறந்தவை. 1936இல் விபுலாநந்தர் தலைமையில் நிகழ்ந்த முயற்சியோ பள்ளிப் பாடத்துக்கானது. சென்னை அரசு 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு ஆங்கில, வடமொழிச் சொற்களின் பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர் கிளர்ந்தெழுந்து குழுவை மாற்றியமைக்கச் செய்தனர். ஜனநாயகப் போராட்டமே அது. இலங்கையில் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் அப்பணியைத் தொடர்ந்தன. ஆனால் இரு நாட்டிலும் மருத்துவத் தொழில் ஆங்கிலத்திலேயே நிலைத்தது. ஆகவே இச்சொற்கள் மேசையிற் பிறந்து பரீட்சை மண்டபத்தில் இறக்கின்றன. நோயாளி ஒருவரேனும் அவற்றைக் கேட்டுத் திருத்தும் வாய்ப்பு இல்லை. கேட்டிருந்தால் 'மூளி' ஒரு நாளும் நிலைத்திராது.

விபுலாநந்தரிடமும் இம்முரண்பாடு உண்டு. யாழ் நூலில் அவர் நரம்பின் நீளத்தை எண்ணாற் கணித்தார், வாவியின் ஓசையைச் செவியால் அளந்தார். கருவியும் கையும் உடனிருந்தன. சொல்லாக்கத்தில் அவருக்கு வாய்த்தவை அறிஞர் குழுக்களும் அகராதிகளுமே. குறை அவருடையதன்று, குடியேற்ற ஆட்சி உற்பத்தியையும் தொழிற்கல்வியையும் ஆங்கிலத்திற் பூட்டிவைத்த நிலைமையின் குறை.

இதன் விளைவைப் படுவான்கரையின் வயல்களிற் காணலாம். போடியாரின் காணியில் முல்லைக்காரர் மேற்பார்வையில் மருந்தடிப்பவன் கூலியாள். ஒருகாலத்திற் பரவலாக வழங்கிய சேதன பொசுபரசுப் பூச்சிகொல்லிகள் நரம்பிணைப்பில் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுப்பவை. செய்தி நின்றொழியாமல் தொடர, வியர்வையும் எச்சிலும் பெருகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், இறுதியில் மூச்சுத் தளரும். 1995இல் மொனோகுரோட்டோபொசும் மெதமிடோபொசும், 2008 முதல் 2011 வரை படிப்படியாக டைமெத்தோயேற்றும் பென்தியோனும் இலங்கையில் விலக்கப்பட்டன. அதுவரை தோளில் விசிறியைச் சுமந்த உடல்கள், தம் நரம்பிணைப்பில் நடந்ததைத் தம் மொழியில் யாரிடமும் கேட்டறிந்ததில்லை. 'நரம்பிணைப்பு' என்ற நல்ல தமிழ்ச் சொல் அவன் பிள்ளையின் பாடநூலிற் கிடந்தது. அப்பிள்ளை மருத்துவக் கல்விக்குத் தெரிவாகிக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கே சென்றாலும் அச்சொல்லை வாசலில் விட்டு ஆங்கிலத்தில் மீளக் கற்க வேண்டும். பின்னர் வாட்டில் தந்தையையொத்த நோயாளியிடம் 'நரம்பு' என்ற ஒரே சொல்லோடு திரும்ப வேண்டும்.

ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் நரம்பு மின்துடிப்பின் அயன் விதிகளை வகுத்தது கணவாயின் பெருநார் ஒன்றிலே. ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த அந்நாரைக் கொண்ட பிராணியின் உறவினம் நம் கடற்கரைச் சந்தையில் நாள்தோறும் விலைபோகிறது. அதை அறுத்துக் கழுவும் கைகளுக்கு அதன் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் தெரியும். நரம்பு இழுக்கிறது என்னும் நோயாளியிடம் அது தசையா, நாளமா, நரம்பா எனத் தமிழிற் கேட்டறியும் வினாக்களையும், மீனவரும் பரிகாரியாரும் மருத்துவிச்சியரும் உடலுக்கு வழங்கும் பெயர்களையும் ஒருங்கே தொகுத்தல் நமது சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அத்தொகுப்பை அடுத்துவரும் சொல்லாக்கக் குழுவின் மேசையில் வைக்கும்போது, சிறுமூளையின் பெயர் முதலாவதாக விவாதிக்கப்படட்டும்.